தொங்கும் மணிக்கட்டு: எவ்வளவு காலம் காத்திருக்கலாம்?

கேள்வி: ஏழு வாரங்களுக்கு முன் என் கணவர் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்தார். இடது மேற்கை எலும்பு முறிந்தது; அன்றிலிருந்து மணிக்கட்டு தொங்கிப்போயிருக்கிறது. "பொறுத்திருங்கள்" என்கிறார்கள் வைத்தியசாலையில். எண்ணெய் போட்டு உருவச் சொல்கிறார் முறிவு நெரிவு வைத்தியர். கை திரும்புமா? காலபோகத்துக்கு லாண்ட்மாஸ்டர் (இரு சக்கரக் கை உழவு இயந்திரம்) பிடிக்கலாமா?
– வாசகி, தருமபுரம்

பதில்: கை திரும்புவதற்கான வாய்ப்பே அதிகம், சகோதரி. மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் ரேடியல் நரம்பு, மேற்கை எலும்பை ஒட்டிச் சுற்றிக்கொண்டு இறங்குகிறது. தோல் கிழியாத முறிவில் அது பெரும்பாலும் அறுவதில்லை; நசுங்குகிறது, இழுபடுகிறது. பெருவிரலுக்குப் பின்புறம் மரத்திருப்பதும் இதனால்தான். அரிவாளோ கண்ணாடியோ வெட்டிய காயமென்றால் கதை வேறு: நரம்பைச் சில நாட்களுக்குள் தைக்க வேண்டும்.

சேதமான நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் வளரும். முறிந்த இடத்திலிருந்து முன்கைத் தசையை எட்டவே மூன்று, நான்கு மாதங்கள் ஆகலாம். ஆகவே பொறுக்கச் சொன்னது சரி. ஆனால் எந்தத் திகதி வரை என்று கட்டாயம் கேளுங்கள். மூன்று மாதமாகியும் அசைவு இல்லையென்றால், நரம்பில் மின்தூண்டல் கடக்கிறதா என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை வேண்டும்; ஆறு மாதத்துக்குள் சத்திரசிகிச்சை பற்றி முடிவெடுக்க வேண்டும். ஒன்று, ஒன்றரை வருடம் நரம்பில்லாமல் கிடந்த தசை பிறகு உயிர்பெறுவது அரிது. அப்போதும் வேறு தசைநாரை மாற்றிப் பொருத்தி மணிக்கட்டை நிமிர்த்தலாம்.

முதலில் மணிக்கட்டு உயரும். விரல்களும் பெருவிரலும் கடைசியில் வரும். அதுவரை மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்கும் பட்டையை அணியட்டும். அவர் மணிக்கட்டை நீங்கள் தூக்கிப் பிடித்துக்கொண்டு கையைப் பொத்தச் சொல்லிப் பாருங்கள், பிடி உடனே இறுகும். தினமும் பல தடவை மற்றக் கையால் விரல்களை நிமிர்த்திவிட வேண்டும். மூட்டு இறுகிவிட்டால் நரம்பு வந்தும் பயனில்லை. எலும்பு பொருந்தும் இடத்தில் அழுத்தி உருவ விடாதீர்கள். மரத்த தோலில் சுடு ஒத்தடம் வேண்டாம், பொசுங்கினாலும் அவருக்குத் தெரியாது.

வன்னியில் இதையும் சொல்லியாக வேண்டும். 2009இல் பட்ட ஷெல் துண்டு உடம்பில் எங்காவது இருந்தால், எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் சொல்லிவிடுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்பை அசைக்கக்கூடும்.

லாண்ட்மாஸ்டர் இந்தப் போகத்துக்கு வேண்டாம். அந்தப் பிடிக்கு இரண்டு கையும் வேண்டும். விதைநெல் வீச வலக்கை போதும்.