தொல்பழங்காலம், மனிதப் பரிணாம ஆய்வுக்குப் புதிதாக வருபவர்களுக்கு எதில் முதலில் பயிற்சி தர வேண்டும்?

தொல் மரபணு, சிடி ஸ்கேன், இயந்திரக் கற்றல் இவற்றில் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள். மண்ணில் கிடக்கும் ஒரு பொருள் அட்டவணையில் ஓர் எண்ணாக மாறுவதற்குள் எங்கெல்லாம் பிழை நுழைகிறது என்று கையால் செய்து பார்ப்பதற்கே முதல் ஆண்டு சரியாக இருக்கும்.

கல்லில் தொடங்குவது மலிவு. கல் உடைக்கப் பழக்குங்கள், ஆனால் அழகான கைக்கோடரி வரவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். திறந்த வெளியில் தார்ப்பாய் விரித்து, கண்ணாடியும் கையுறையும் அணிந்து உட்கார வேண்டும். மூடிய அறை கூடாது, சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும். மூலக்கல்லை உடைக்கும் முன் எடை போட வேண்டும். உடைத்து முடித்ததும் தார்ப்பாயில் விழுந்ததையெல்லாம் 5 மி.மீ., 2 மி.மீ. சல்லடைகளில் சலித்து, பிரித்து, எண்ணி, மறுபடி எடை போட வேண்டும். கருவி என்று சொல்லத்தக்கது ஒன்றிரண்டுதான் தேறும், மற்றதெல்லாம் சில்லு. இப்படி எண்ணிப் பழகியவரிடம் கருவி மட்டும் இருந்து சில்லே இல்லாத ஒரு தொகுப்பைக் கொடுத்தால் உடனே கேள்வி எழும்: வேறிடத்தில் செய்து கொண்டுவந்தார்களா, ஓடும் நீர் அரித்துச் சென்றதா, தோண்டியவர் சலிக்காமல் விட்டாரா? பழைய அருங்காட்சியகத் தொகுப்புகளில் நான் முதலில் சந்தேகப்படுவது மூன்றாவதைத்தான்.

அடுத்து, அடித்தபோது கல்லிலிருந்து கழன்ற தட்டைத் துண்டுகளான செதில்களில் 50க்கு எண்ணிட்டு நீளம், அகலம், தடிமன், கல்லின் பழைய மேல்தோல் எவ்வளவு மிச்சம் என்பதைப் பதியச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து, பழைய தாளைப் பார்க்காமல், வரிசையைக் கலைத்து அதே 50ஐ மறுபடி அளக்கட்டும். இன்னொருவரும் தனியாக அளக்கட்டும். நீளத்திலேயே சண்டை வந்துவிடும்: ஒருவர் அடி விழுந்த திசையில் அளந்திருப்பார், மற்றவர் அதிகபட்ச நீளத்தை எடுத்திருப்பார். மேல்தோல் சதவீதம் இன்னும் மோசம். ஒருவருக்கு 30 என்று படுவது மற்றவருக்கு 45. அதை 0, 1–50, 51–99, 100 என்று நான்கு வகுப்பாகச் சுருக்கினால் ஓரளவு ஒத்துவரும். அளந்த இருவருக்கும் உள்ள வித்தியாசம், ஒப்பிட நினைக்கும் இரண்டு மண்ணடுக்குகளுக்கு உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதா? பெரிதென்றால் அந்த அளவீட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

எலும்புக்கும் இதே வழிதான். முழு எலும்புக்கூட்டை வைத்துப் படித்தவர்கள் களத்தில் திணறுவார்கள், அங்கே கிடைப்பதெல்லாம் துண்டு. ஒரு பையில் மனித எலும்பும் விலங்கு எலும்புமாக 30 துண்டுகளைப் போட்டுத் தேர்வு வையுங்கள். ‘தெரியவில்லை’ என்ற நேர்மையான விடைக்கும் மதிப்பெண் உண்டு. கல் கருவியால் இறைச்சியை அறுத்தபோது எலும்பில் விழுந்த வெட்டுத் தழும்பைப் பார்க்க 10 மடங்கு, 20 மடங்கு லென்ஸும் பக்கவாட்டில் சாய்த்த விளக்கும் போதும். ஆனால் மணலில் மிதிபட்ட எலும்பின் கீறலையும் பக்கத்திலேயே வைத்துக் காட்டுங்கள். எத்தியோப்பியாவின் டிக்கிகாவில் கிடைத்த, ஏறத்தாழ 34 லட்சம் ஆண்டுப் பழைய இரண்டு எலும்புகளில் இருப்பது வெட்டுத் தழும்பு என்று 2010இல் அறிவித்தார்கள். மிதிபட்ட கீறல் என்று மறுப்பும் வந்தது. அனுபவசாலிகளே மோதிக்கொள்ளும் இடம் இது.

காலக்கணிப்பு ஆய்வகத்தை ஓட்டத் தெரிய வேண்டியதில்லை, மாதிரி எடுக்கத் தெரிய வேண்டும். மணல் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்று கணிக்கும் ஒளித்தூண்டல் முறைக்கு இரும்புக் குழாயை மண்சுவரில் அறையும்போது குழாய் முழுதாக நிரம்ப வேண்டும். அரைகுறையாக நிரம்பினால் வழியில் குலுங்கி, வெயில் பட்ட முனை மணல் நடுமணலோடு கலந்துவிடும். சுற்றிலும் 30 செ.மீ.க்குள் பெரிய பாறை இருந்தால் கதிர்வீச்சுக் கணக்கு மாறும். ஈரப்பதத்துக்குத் தனிப் பை எடுத்துக் காற்றுப் புகாமல் கட்ட வேண்டும்; நீர் கதிர்வீச்சை உறிஞ்சும், ஈரப்பதத்தைக் குறைத்துக் கணக்கிட்டால் வயது உண்மையைவிடக் குறைவாக வரும். ரேடியோகார்பனுக்கு ஒரு கணக்கு கொடுங்கள்: கதிரியக்கக் கார்பன் துளியும் மிஞ்சாத பழைய மாதிரியில் 1% இக்காலக் கார்பன் கலந்தால் என்ன வயது காட்டும்? சுமார் 37,000 ஆண்டு. சுத்தம் செய்வதில் ஆய்வகங்கள் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருக்கின்றன என்பது இந்த ஒரு எண்ணில் புரிந்துவிடும்.

புள்ளியியலில் ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரே கல்லிலிருந்து கழன்ற 200 செதில்கள் 200 தனித்தனிச் சான்றுகள் ஆகா. இது உறைக்காதவர் கையில் எந்த மென்பொருளைக் கொடுத்தாலும் ஆபத்து.

உரிமம், அனுமதி, உள்ளூர் மக்களின் ஒப்புதல் எல்லாவற்றையும் முதல் மாதமே பேசிவிடுங்கள். தென்னாப்பிரிக்க சான் மக்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு நெறிமுறையை எல்லாரும் படிக்க வேண்டும். மரபணுவுக்காக உட்காது எலும்பில் துளையிடும் கட்டம் வரும்போது விண்ணப்பத்தை மாணவரே எழுதட்டும்: ஸ்கேன் முடிந்ததா, வார்ப்பு எடுத்தாயிற்றா, எத்தனை மில்லிகிராம் தூள், மரபணு வராவிட்டால் என்ன மிஞ்சும். கடைசிக் கேள்விக்கு விடை இல்லையென்றால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.