எனக்குத் தொப்பை, அம்மாவுக்கு இளைப்பு

கேள்வி: எனக்கு வயது 46. புகைப்பழக்கம் கிடையாது. 25 வயதில் 62 கிலோ இருந்தேன், இப்போது 84. குனிந்து ஷூ லேஸ் கட்டினாலே மூச்சு முட்டுகிறது. அம்மாவுக்கு 71 வயது, சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருக்கிறது. ஆறு மாதத்தில் 52 கிலோவிலிருந்து 47-க்கு இறங்கிவிட்டார். உடம்பு லேசானால் மூச்சும் லேசாகும் என்று அவருக்குச் சந்தோஷம். சரிதானா, டாக்டர்?

பதில்: உங்களைவிட அம்மாவை நினைத்துத்தான் எனக்குக் கவலை. அதற்கு அப்புறம் வருகிறேன், முதலில் ஷூ லேஸ்.

மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கும். தொப்பை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத்தை மேலே தள்ளி, முதலில் கை வைப்பது அந்த மிச்சத்தில்தான். குனியும்போது இன்னும் நெருக்கும். ஸ்பைரோமெட்ரி என்னும் மூச்சுப் பரிசோதனையில் ஊதச் சொன்னால் பல பேருக்கு நார்மல் என்றே வரும். 'ஒன்றுமில்லை, போங்கள்' என்று அனுப்பிவிடுவதும் நடக்கிறது. ஆனால் குனிந்தால் மூச்சு முட்டுவது இதயக் கோளாறாலும் வரும். அதனால் ஈ.சி.ஜி., எக்கோ பார்த்துவிடுங்கள். குறட்டை நடுவே மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டில் கேளுங்கள்.

நுரையீரல் 20, 25 வயது வரை வளரும். அப்புறம் எல்லோருக்கும் இறங்குமுகம்தான்: ஒரே மூச்சில் ஊதும்போது முதல் நொடியில் வெளிவரும் காற்று ஆண்டுக்குச் சுமார் 20, 30 மில்லி குறையும். நடுவயதில் எடை ஏற ஏற இந்த இறக்கம் வேகமாகும். அதனால்தான் இன்றைய எடையோடு 25 வயது எடையையும் கேட்பேன். பிறந்த எடையையும் கேட்டால் சிரிக்கிறார்கள். குறைந்த எடையில் பிறந்தவர்களுக்கு ஆரம்ப இருப்பே கொஞ்சம் குறைவு, கேட்பது அதற்காக. எடையைக் குறைத்தால், தொப்பை அழுத்திப் பறித்ததில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும்.

இப்போது அம்மா. ஐந்து கிலோ என்பது அவர் எடையில் பத்தில் ஒரு பங்கு. சி.ஓ.பி.டி. உள்ளவருக்கு மூச்சு விடுவதே உடலுழைப்பு. அதற்குச் செலவாகும் சக்திகூட உணவில் வரவில்லை என்றால் தசை கரையும், உதரவிதானமும் தசைதானே. இந்த நோயின் தீவிரத்தைக் கணிக்கும் 'போடு' (BODE) என்னும் அட்டவணையில், உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. 21-ஐத் தாண்டாவிட்டால் ஆபத்துப் புள்ளி ஒன்று கூடும். குண்டாக இருப்பதற்குப் புள்ளியே கிடையாது. அவர் கைக்கடிகாரம் முழங்கைப் பக்கம் வழுக்குகிறதா, நாற்காலியில் கை ஊன்றாமல் எழ முடிகிறதா, பாருங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டால் மூச்சு முட்டும் என்று பயந்தே பலர் சாப்பாட்டைக் குறைத்துவிடுகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்தாறு வேளையாக, புரதம் கூட்டிக் கொடுங்கள்.

இப்படித் தானாக இளைப்பதற்குக் காசநோய், தைராய்டு, புற்றுநோய் எதுவும் காரணமாக இருக்கலாம். இந்த வாரமே அழைத்துப் போங்கள். போகும்போது பழைய எடைச் சீட்டுகள் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுடையதையும் சேர்த்து.