சர்ப்ரைஸ் டிக்கெட்டும் நூறு ரூபாயும்

கேள்வி: நான் மதுரை திருநகரில் இருக்கிறேன். "1,200 ரூபாய் நாடக டிக்கெட் 450 ரூபாய்க்கு. எந்த நாடகம் என்பது திரை விலகும்போதுதான் தெரியும். கீழே உள்ள ஐந்தில் ஒன்று நிச்சயம்" என்று இன்ஸ்டாகிராமில் வந்த விளம்பரத்தைப் பார்த்து 14 டிக்கெட் எடுத்தேன். நாலு எங்கள் வீட்டுக்கு, பத்து எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ளவர்களுக்கு. அவர்களிடம் தலைக்கு 550 வாங்கினேன்; அதில் நூறு ரூபாய் வேனுக்கு. அன்று போட்ட நாடகம் அந்த ஐந்தில் எதுவுமே இல்லை. ஒருவர் மட்டும் நடித்த 50 நிமிட நாடகம். மாமியாரைப் புராண நாடகம் பார்க்கலாம் என்று ஆசை காட்டி அழைத்துப் போயிருந்தேன். தூணுக்குப் பின்னால் இடம், ஏசி ஓடவில்லை, வாசலில் நின்ற பையனிடம் கேட்டால் "சர்ப்ரைஸ்னா அப்படித்தான்க்கா" என்று சிரிக்கிறான். குடியிருப்பில் எல்லாரும் இப்போது என்னைத்தான் கேட்கிறார்கள். டிக்கெட்டுக்கு 200 ரூபாய் திருப்பித் தருகிறோம், இல்லையென்றால் 450 ரூபாய்க்கு வவுச்சர் என்கிறது நிறுவனம். சட்டக் கல்லூரியில் படிக்கும் என் தம்பி, "என்ன நாடகம் என்றே தெரியாமல் போட்ட ஒப்பந்தம் செல்லாது, மன உளைச்சலுக்கு 5 லட்சம் கேட்டு வழக்குப் போடலாம்" என்கிறான். போடலாமா?

பதில்: உங்கள் கடிதம் இரண்டு பக்கம். தூண், ஏசி, பையனின் சிரிப்பு, மாமியாரின் கோபம், கணவர் சொன்ன குத்தல் பேச்சு எல்லாம் இருக்கிறது. அவை உங்களுக்கு வலித்திருக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் வழக்கு என்று வந்தால் இவற்றையெல்லாம் ஓரமாக வைத்துவிடலாம். எந்த நாடகம், எந்த இருக்கை என்று கேட்காமல் வாங்குவதற்குத்தான் உங்களுக்கு 750 ரூபாய் குறைத்தார்கள். பிடிக்காத நாடகம் வந்தது என்பதற்காக ஒரு ரூபாய்கூடத் திரும்பக் கேட்க முடியாது. இரண்டு பக்கத்திலும் சட்டத்துக்கு வேண்டியது ஒரே வரிதான்: "கீழே உள்ள ஐந்தில் ஒன்று நிச்சயம்."

தம்பியின் வாதத்தை விட்டுவிடுங்கள். பொருள் நிச்சயமில்லாத ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆவது பிரிவு சொல்வது உண்மை. ஆனால் நிச்சயப்படுத்திக்கொள்ள வழி இருந்தால் அது செல்லும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. சட்டமே ஓர் உதாரணம் கொடுக்கிறது. நூறு டன் எண்ணெய் என்று மொட்டையாக எழுதினால் அது என்ன எண்ணெய் என்று தெரியாது, ஒப்பந்தம் செல்லாது. விற்பவர் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்கிற வியாபாரி என்றால் செல்லும். இங்கே ஐந்து நாடகங்களின் பெயரும் படமும் போட்டிருக்கிறார்கள், அதனால் ஒப்பந்தம் செல்லும். அது செல்லுவதுதான் உங்களுக்கு நல்லது. செல்லாது என்று நீங்களே வாதாடினால், ஐந்தில் ஒன்று என்ற வாக்குறுதியும் அதோடு போய்விடும்.

நம் பக்கத்துத் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ராஜபார்ட் யார், பபூன் யார் என்று ஒவ்வொருவர் படத்தையும் போட்டு நோட்டீஸ் அடித்து ஒட்டுவார்கள். படம் போட்ட ஆள் வரவில்லை என்றால் ஊர்க்காரர்கள் அந்த நோட்டீஸைத்தான் கையில் எடுத்துக்கொண்டு வருவார்கள். உங்கள் விஷயத்தில் அந்த விளம்பரம்தான் நோட்டீஸ். ஐந்துக்கு வெளியே ஆறாவதாக ஒன்றைப் போட்டது சேவைக் குறைபாடு. தவறான விளம்பரம் என்றும் சொல்லலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம், நிறுவனம் சென்னையில் இருப்பது தடை இல்லை. 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது.

நிறுவனம் "நிகழ்ச்சி மாற்றத்துக்கு உட்பட்டது" என்ற நிபந்தனையைக் காட்டும். அதைப் பார்த்ததும் நியாயமற்ற ஒப்பந்தம் என்று மனுவில் எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். நியாயமற்ற ஒப்பந்தம் என்ற புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். ஐந்துக்குள் ஒன்றை மாற்றி இன்னொன்றைப் போடத்தான் அந்த நிபந்தனை, பட்டியலையே தூக்கிப் போட அல்ல என்று வாதாடினால் போதும்.

இதுவரை உங்கள் பக்கம் நன்றாகவே இருக்கிறது. இனி நான் சொல்வதை நிதானமாகப் படியுங்கள்.

விளம்பரத்தை நிறுவனம் நீக்கிவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் ஐந்து நாடகப் படங்களோடு தேதியோடு மிச்சமிருக்கும் ஒரே சான்று, நீங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்திதான். அதன் படத்தைக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறீர்கள். மேலே விளம்பரம். அதற்குக் கீழே உங்கள் வரி: "டிக்கெட் 550. இன்னைக்கு நைட்டுக்குள்ள ஜிபே பண்ணிடுங்க." வேன் என்ற சொல்லே அதில் இல்லை.

அதாவது, உங்கள் வழக்கைத் தாங்குகிற செய்தியும் அதைச் சாய்க்கிற செய்தியும் ஒன்றுதான். 450 ரூபாய் டிக்கெட்டைப் பத்துப் பேருக்கு 550க்கு விற்றார், இவர் நுகர்வோர் அல்ல, வியாபாரம் செய்தவர் என்பது எதிர்த்தரப்பின் முதல் பதிலாக இருக்கும். வணிக நோக்கத்தோடு ஒரு சேவையைப் பெற்றவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று அதே நுகர்வோர் சட்டத்தின் 2(7) பிரிவு சொல்கிறது. ஆயிரம் ரூபாய்க்காக இந்தப் பிரிவு பொருந்திவிடுமா என்று கேட்பீர்கள். பொருந்தாது என்பதுதான் என் கருத்து. முதன்மையான நோக்கம் என்ன என்று பார்க்க வேண்டும் என்று 2019இல் லீலாவதி மருத்துவ அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேனுக்கு 1,500 கொடுத்தேன் என்கிறீர்கள், வசூலானது ஆயிரம். கைக்காசு 500 போட்டவர் வியாபாரி அல்ல. வணிக நோக்கம் என்று நிரூபிக்க வேண்டியது எதிர்த்தரப்புதான். ஆனால் 550 என்ற அந்தச் செய்தியைக் காட்டினால் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஓட்டுநரிடம் ரொக்கமாகக் கொடுத்தீர்கள், ரசீது இல்லை. நாடகம் மாறியதைப் பற்றிப் பேச வேண்டிய வழக்கு, நூறு ரூபாய் எதற்கு வாங்கினீர்கள் என்பதைப் பற்றிய வழக்காக மாறிவிடும்.

இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்வதைப் பார்த்திருக்கிறேன். பயம் வந்ததும் படத்தின் கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டு, விளம்பரம் மட்டும் தெரிகிற மாதிரி தாக்கல் செய்வார்கள். தலைக்கு 450தான் வாங்கினேன் என்று, சத்தியம் செய்து தாக்கல் செய்கிற நிரூபண வாக்குமூலத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவார்கள். ராமேஸ்வரம் சுற்றுலாவுக்குத் தெருக்காரர்களைச் சேர்த்துப் பேருந்து பிடித்த ஒருவர் என்னிடம் வந்தார். பேருந்து பாதி வழியில் நின்றது, இரவெல்லாம் குழந்தைகளோடு சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். அருமையான வழக்கு. தலைக்கு எழுபது ரூபாய் கூட வாங்கியதை என்னிடமும் சொல்லவில்லை, வாக்குமூலத்திலும் மறைத்தார். எதிர்த்தரப்பு அந்தப் பயணிகளில் ஒருவரிடமே ஜிபே விவரத்தை வாங்கி வந்து வைத்தது. அதற்குப் பிறகு பேருந்து நின்றதைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. எழுபது ரூபாய் வாங்கியது தப்பே இல்லை, வழியில் சாப்பாட்டுக்கு என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மறைத்ததால்தான் மனு தள்ளுபடி ஆனது.

உங்கள் குழுவில் பத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தச் செய்தி பத்துப் போன்களில் முழுசாக இருக்கிறது. உங்கள் மேல் வருத்தத்தில் இருக்கிற ஒருவர் போதும்.

இன்னொன்று. 14 டிக்கெட்டும் உங்கள் பெயரில் எடுத்ததால் 14க்கும் நீங்களே இழப்பீடு கேட்கலாம் என்று நினைத்திருக்கிறீர்கள். மற்ற பத்துப் பேரின் ஏமாற்றத்துக்கு நீங்கள் பணம் வாங்க முடியாது. அவர்களும் கையெழுத்துப் போட்டு உங்களோடு சேர்ந்து மனுப் போட வேண்டும், அல்லது ஒரே அக்கறை உள்ள பலரின் சார்பில் என்று ஆணையத்தின் அனுமதி வாங்கி நீங்கள் போட வேண்டும். அவர்களைக் கூப்பிட்டால் 550 கணக்கும் கூடவே வரும். கூப்பிடாவிட்டால் உங்கள் நாலு டிக்கெட், 1,800 ரூபாய்தான் வழக்கு. அதற்காக ஒரு வருடம், இரண்டு வருடம் வாய்தாவுக்கு அலைவீர்களா? 5 லட்சம் என்ற பேச்சை மறந்துவிடுங்கள். 1,800 ரூபாய் டிக்கெட்டுக்கு அப்படி ஒரு தொகையைக் கேட்டாலே மனுவின் மேல் நம்பிக்கை போய்விடும்.

ஆகவே என் பதில்: சமரசமாகப் போங்கள். வழக்கு பலவீனம் என்று இதைச் சொல்லவில்லை. உங்களுக்குப் பலமான கட்டம் இப்போதுதான், மனுப் போடாத வரைக்கும்தான் என்பதால் சொல்கிறேன். ஐந்தில் இல்லாத நாடகத்தைப் போட்டது நிறுவனத்துக்குத் தெரியும், அதனால்தான் கேட்காமலே 200 தருகிறேன் என்று வந்திருக்கிறது. அவர்களின் குறைதீர் அலுவலருக்கு மெயில் போடுங்கள். இணையத்தில் விற்பவர்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. மெயிலில் தூணும் ஏசியும் வேண்டாம். விளம்பரத்தில் இருந்த ஐந்து பெயர்கள், அன்று போட்ட நாடகத்தின் பெயர், 6,300 ரூபாய், அவ்வளவுதான். டிக்கெட்டுக்கு 450 கேளுங்கள். 350க்கு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். 50 நிமிடம் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள், முழுத் தொகைக்காகப் பிடிவாதம் வேண்டாம்.

வவுச்சரை மட்டும் தொடாதீர்கள். அதில் ஒரு டிக்கெட் எடுத்தாலும் நீங்கள் அந்தத் தீர்வை ஏற்றுக்கொண்டதாகிவிடும், அதற்குப் பிறகு பணம் கேட்க வாய் இருக்காது. வவுச்சரின் நிபந்தனையைப் படித்தீர்களா? "நிகழ்ச்சியைத் தேர்வு செய்யும் உரிமை நிறுவனத்துக்கே" என்று அதிலும் இருக்கிறது. அதேபோல, "முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன்" என்ற வாசகத்துக்கு ஓகே கொடுப்பதற்கு முன் 14 டிக்கெட்டுக்கான தொகையும் கணக்கில் ஏறிவிட்டதா என்று பாருங்கள்.

பணம் வந்ததும் பத்துப் பேருக்கும் அவரவர் பங்கு போய்ச் சேர வேண்டும். அவர்களுக்காக வாங்கிய பணம் உங்களுடையது அல்ல. அதற்கும் முன்னால், இன்றைக்கே குழுவில் ஒரு செய்தி போடுங்கள்: டிக்கெட் 450, வேனுக்கு 100, வேன் வாடகை மொத்தம் 1,500, மீதி என் கையிலிருந்து. பழைய செய்தியை அழிக்க வேண்டாம், அதுதான் உங்கள் விளம்பரச் சான்றும்கூட. ஓட்டுநரிடம் எழுதி வாங்குங்கள்; அன்றைய தேதியைப் போட்டு இப்போது ரசீது எழுதித் தருகிறேன் என்று அவர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இன்ன தேதியில் 1,500 வாங்கினேன் என்று இன்றைய தேதி போட்டே எழுதட்டும். கூகுளில் "ஃபிராடு கும்பல்" என்று எழுதியதையும் எடுத்துவிட்டு, நடந்ததை மட்டும் எழுதுங்கள். அவதூறு என்று அவர்கள் ஒரு நோட்டீஸ் அனுப்பினால் பேச்சுவார்த்தையில் கை அவர்களுக்கு ஓங்கிவிடும்.

நிறுவனம் 200க்கு மேல் ஏறவே மாட்டேன் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்தில் இறங்கி வருகின்றன. அதிலும் நடக்கவில்லை என்றால் நாடகம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம் வரை மனுப் போட அவகாசம் இருக்கிறது. அப்போது உங்கள் வீட்டு நாலு டிக்கெட்டுக்கு மட்டும் போடுங்கள். அந்த வாட்ஸ்அப் படத்தை வெட்டாமல் முழுசாக வையுங்கள். நூறு ரூபாய் எதற்கு வாங்கினேன் என்பதை மனுவின் இரண்டாவது பத்தியிலேயே நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.