நாற்பது சேர்வர்களின் சூடோ உரிமையை ஒரே எல்டாப் டைரக்டரியில் வைக்கலாமா?

நாற்பது லினக்ஸ் சேர்வர், ஆறு பேர் கொண்ட ஐடி குழு. சூடோ அனுமதிகள், அதாவது சாதாரணக் கணக்கிலிருந்து ரூட் என்ற உச்ச நிர்வாகியாகக் கமாண்ட் ஓட்டும் உரிமைகள், ஒவ்வொரு மெஷினிலும் தனித்தனிக் கோப்பில் கிடக்கின்றன. இவற்றை எல்லா மெஷினும் நெட்வொர்க் வழியாகக் கேட்கும் பொதுப் பதிவேடான எல்டாப் டைரக்டரிக்குள் கொண்டுபோனால் நல்லதா, இல்லை எல்லாத் திறப்பையும் ஒரே ஆணியில் கொளுவிய கதையாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே ஆணிதான். ஆனாலும் கொண்டுபோங்கள் என்றுதான் சொல்வேன். அந்த ஆணியை எங்கே அடிப்பது, அதற்கு யார் கை எட்டும் என்பதில்தான் வேலை இருக்கிறது.

யூனியன் பிளேஸ் பக்கம் ஒரு கம்பனியில் நான் இதைச் செய்தேன். பெயர் வேண்டாம். அங்கேயும் நிலைமை உங்களுடையதைப் போலத்தான். புதிதாக ஒருவர் வந்தால் சூடோ கொடுப்பது பத்து நிமிட அலுவல். கொடுக்காவிட்டால் அவர் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணா, எனக்கு இன்னும் வரேல்லை" என்பார். வேலையை விட்டுப் போகிறவர் அப்படி வந்து நின்று "என்னுடையதை எடுத்துவிடுங்கோ" என்று கேட்பதில்லை. அதனால் அது அப்படியே கிடக்கும். ஒருவர் போய் எட்டு மாதம் கழித்து, கணக்காய்வுக்காகக் கோப்புகளைப் புரட்டியபோது மூன்று சேர்வரில் அவர் பெயர் இருந்தது, கடவுச்சொல்கூடக் கேட்காத அனுமதியோடு. அவர் நல்ல மனிதர், இப்போதும் காலி வீதியில் கண்டால் நின்று கதைப்போம். ஆனால் அவருடைய பழைய லப்டொப்பும் அதிலிருந்த, சேர்வருக்குள் நுழைய விடும் எஸ்எஸ்எச் கீயும் இப்போது யாரிடம் என்பது அவருக்கே தெரியாது.

எனவே டைரக்டரி எதற்கு என்று என்னைக் கேட்டால், கொடுத்ததைத் திரும்ப எடுப்பதற்கு என்பேன். கொடுப்பதற்கு அது தேவையே இல்லை. கீழே நான் எழுதுவதில் பாதி இந்த 'எடுப்பது' எங்கெங்கே வழுக்கும் என்பதைப் பற்றியதுதான்.

முதலில் அமைப்பு, சுருக்கமாக. சூடோ 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஒரு பெரிய மெஷினைப் பலர் பகிர்ந்துகொண்ட காலம் அது, ஒரு கோப்பு போதும். இன்று அதே விதிகளை எல்டாப்பில் 'சூடோரோல்' என்ற வகைப் பதிவாக வைக்கலாம்: யார், எந்த ஹோஸ்டில் (மெஷினில்), எந்தக் கமாண்டை, யாருடைய பெயரில். கோப்பில் ஒரு எழுத்துப் பிழை விட்டால் அந்த மெஷினில் எவருக்குமே சூடோ இல்லாமல் போகலாம், அதற்காகத்தான் சேமிக்குமுன் பிழை பார்க்கும் விசூடோ வைத்திருக்கிறார்கள். டைரக்டரியில் ஸ்கீமாவுக்கு (பதிவின் வடிவத்துக்கான விதிகள்) பொருந்தாத பதிவு உள்ளேயே போகாது. ஆளின் பெயரைப் பிழையாக எழுதினால் அந்த ஒரு விதி மட்டும் வேலை செய்யாது, அவ்வளவுதான். பழைய கோப்பை எல்டாப் வடிவத்துக்கு மாற்ற சூடோவோடு வரும் சிவிடிசூடோயர்ஸ் என்ற கருவி இருக்கிறது. கையால் தட்டெழுத வேண்டாம்.

நாங்கள் முதலில் சறுக்கியது மாற்றி முடித்த கையோடு. டைரக்டரியில் எல்லாம் அழகாக ஏறிவிட்டது, மேலிடத்துக்கு மின்னஞ்சலும் போய்விட்டது. பிறகு பார்த்தால் இரண்டு சேர்வரில் பழைய உள்ளூர் கோப்பு அப்படியே இருக்கிறது. சூடோ, 'கோப்பு' என்றும் 'எல்டாப்' என்றும் இரண்டு மூலம் கொடுத்தால் ஒன்றில் கிடைத்தவுடன் நிற்பதில்லை, நீங்கள் தனியாக நிறுத்தச் சொல்லாதவரை இரண்டையும் சேர்த்தே பார்க்கும். ஆகவே டைரக்டரியில் ஒருவரை எடுத்துவிட்டாலும் உள்ளூர் கோப்பு அவருக்குக் கதவைத் திறந்தபடி இருக்கும். உள்ளூர் விதிகள் இருக்கும் சூடோயர்ஸ் கோப்பை மட்டுமல்ல, அதன் கிளைக் கோப்புகள் இருக்கும் அடைவையும் ஒவ்வொரு மெஷினிலும் போய்த் துடையுங்கள். சலிப்பான வேலை. புதிதாக வந்த பெடியனிடம் தள்ளிவிடாதீர்கள், எந்த வரி ஏன் இருந்தது என்று அவனுக்குத் தெரியாது.

அடுத்தது கரண்ட். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது ஞாபகம் இருக்கும். எங்கள் டைரக்டரி சேர்வர் அலுவலகத்தில், மற்றச் சேர்வர்கள் வெளியே ஒரு டேட்டா சென்டரில். அலுவலக யுபிஎஸ் உயிரை விட்டது, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. டேட்டா சென்டரில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் எங்களில் ஒருவருக்கும் சூடோ இல்லை. அப்போது சூடோவை நேராக எல்டாப்போடு பேச விட்டிருந்தோம், பதிலை மெஷினிலேயே நகலாக வைத்திருக்கும் கேஷ் இடையில் கிடையாது. ஒவ்வொரு கமாண்டும் பதிலுக்குக் காத்திருந்து காத்திருந்து தோற்றது. அதற்குப் பிறகுதான் டேட்டா சென்டருக்குள்ளேயே இரண்டாவது பிரதி ஒன்றை வைத்து, எல்லா மெஷினுக்கும் எஸ்எஸ்எஸ்டி என்ற இடைத்தரகர் சேவையைப் போட்டோம். டைரக்டரி இல்லாத நேரத்திலும் அது தன்னிடமுள்ள கேஷை வைத்துச் சமாளிக்கும்.

ஆனால் கேஷ் வந்தால் 'எடுப்பது' மறுபடி வழுக்கும். எஸ்எஸ்எஸ்டி, நீங்கள் எதையும் மாற்றாவிட்டால், 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாக வந்த விதிகளையும் மாறிய விதிகளையும் மட்டும் கொண்டுவரும். அழித்த விதி அதன் கண்ணுக்குத் தெரியாது, இல்லாததை எப்படிக் கொண்டுவருவது? முழுப் பட்டியலையும் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறைதான் இழுக்கும். இடையில் ஒவ்வொரு விதிக்கும் கேஷில் 90 நிமிட ஆயுள், அது முடிந்தபின் அந்த ஆள் சூடோ அடித்தால் டைரக்டரியிடம் திரும்பக் கேட்கும். ஆகவே காலை 9 மணிக்கு ஒருவரை எடுத்துவிட்டு 9:05க்கு எச்ஆரிடம் "முடிஞ்சுது" என்று சொல்ல முடியாது. அவசரமென்றால் கேஷையும் செல்லாதாக்க வேண்டும். அவர் முன்பே திறந்து வைத்திருக்கும் ரூட் ஷெல் (கமாண்ட் தட்டும் திரை) ஒன்று இருந்தால் அது இதனாலெல்லாம் சாகாது, போய்க் கொல்ல வேண்டும்.

சரி, பாதுகாப்பு. சாதாரண எல்டாப் போர்ட் 389இல், டிஎல்எஸ் என்ற குறியாக்கம் இல்லாமல் கடவுச்சொல் அனுப்பினால் அது திறந்த கடிதம். 389இலேயே ஸ்டார்ட் டிஎல்எஸ் போடலாம், அல்லது 636இல் எல்டாப்எஸ். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலர் விடும் பிழை அதற்கு அடுத்த படியில்: சான்றிதழ் சரிபார்ப்பு தொல்லை கொடுக்கிறது என்று அதை 'ஒருபோதும் வேண்டாம்' என்று வைத்துவிடுவது. குறியாக்கம் இருக்கிறதே, போதாதா என்பார்கள். போதாது. இங்கே டைரக்டரி அனுப்புவது வெறும் முகவரிப் புத்தகம் அல்ல, யாருக்கு ரூட் என்ற தீர்ப்பு. நெட்வொர்க்கில் இடையில் உட்கார்ந்த ஒருவன் 'நான்தான் டைரக்டரி' என்று சொல்லி, இன்ன ஆளுக்கு எல்லாக் கமாண்டும் சரி என்று ஒரு விதியை நீட்டினால் உங்கள் சேர்வர் தலையாட்டும். சரிபார்ப்பைக் கட்டாயமாக்குங்கள். அதோடு சான்றிதழ் முடியும் திகதியை யாருடைய கலண்டரிலாவது போடுங்கள். எங்களுடையது ஒரு போயா விடுமுறையன்று காலாவதியானது. கேஷ் இருந்தபடியால் எங்களுக்கு எல்லாம் வேலை செய்தது. அந்த வாரம் சேர்ந்த பிள்ளை ஒருவருக்கு மட்டும் ஒன்றும் ஓடவில்லை. அரை நாள் அவருடைய கணக்கையே குடைந்துகொண்டிருந்தோம், பாவம்.

இப்போது அந்த ஆணி. டைரக்டரியில் சூடோ விதிகள் இருக்கும் கிளைக்கு எழுத முடிந்தவர் எவரோ அவருக்கு நாற்பது சேர்வரிலும் ரூட். இதை எல்லோரும் யோசிப்பார்கள். யோசிக்காதது இது: உங்கள் விதி 'டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகிகள்) குழுவுக்கு அனுமதி' என்று இருந்தால், அந்தக் குழுவில் ஆள் சேர்க்க முடிந்தவரும் அதே அளவு பெரியவர். எங்கள் இடத்தில் ஹெல்ப் டெஸ்க் பிள்ளைகளுக்கு எல்லாக் குழுக்களையும் திருத்தும் உரிமை இருந்தது, மின்னஞ்சல் குழுக்களுக்காகக் கொடுத்தது. இரண்டு வருடம் அது அப்படியே ரூட் உரிமையாக இருந்திருக்கிறது, அவர்களுக்கும் தெரியாது எங்களுக்கும் தெரியாது. அதிகாரம் தரும் குழுக்களைத் தனிக் கிளைக்கு மாற்றி, அதைத் தொட இரண்டே பேர் என்று வைத்தோம். அந்த இருவரும் மின்னஞ்சல் பார்க்கும் கணக்கால் அதைத் தொடுவதில்லை, அதற்குத் தனிக் கணக்கு. சேர்வர்கள் டைரக்டரியை வாசிக்கப் பயன்படுத்தும் கணக்குக்கு வாசிப்பு மட்டும். அநாமதேய வாசிப்பையும் மூடிவிடுங்கள். எந்த ஆளைப் பிடித்தால் எந்தச் சேர்வர் கிடைக்கும் என்ற வரைபடம் அந்தப் பட்டியல்.

விதி எழுதும்போது 'எல்லாம் சரி, ஷெல் மட்டும் வேண்டாம்' என்று எழுதாதீர்கள். ஷெல்லை வேறு பெயரில் நகலெடுத்து ஓட்டினால் அந்தத் தடை முடிந்தது. விஐ என்ற எடிட்டரை ரூட்டாகத் திறக்க விட்டாலும் அப்படித்தான், அதற்குள்ளிருந்து ஷெல்லுக்கு ஒரு எட்டு. கோப்புத் திருத்தத்தான் வேண்டுமென்றால் சூடோஎடிட் கொடுங்கள்.

வெளியிலிருந்து வரும் வெண்டர்களுக்குக் காலவரையோடு அனுமதி கொடுக்கலாம், 'இந்த நேரத்துக்குப் பின் செல்லாது' என்று பதிவிலேயே ஒரு புலம் உண்டு. நான் மிகவும் விரும்பும் வசதி, இரண்டு குழிகளோடு. ஒன்று, நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) எழுத வேண்டும். கொழும்பு நேரம் மாலை 6 மணி என்றால் 12:30. யோசிக்காமல் 18:00 என்று போட்டால் வெண்டருக்கு இரவு 11:30 வரை வீடு திறந்திருக்கும். மற்றது மோசமானது: எஸ்எஸ்எஸ்டியில் இந்த நேரக் கணிப்பு முன்னிருப்பாக அணைக்கப்பட்டிருக்கும். நீங்களாக இயக்காவிட்டால் திகதி எழுதியிருந்தாலும் அதைப் பார்க்கவே பார்க்காது, அனுமதி என்றென்றைக்கும்.

சூடோவைப் புதுப்பித்து வைப்பது உங்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம். 2025 ஜூன் இறுதியில் வெளிவந்த சிவிஇ-2025-32462 என்ற பாதுகாப்புக் குறை கிட்டத்தட்ட எங்களைப் போன்றவர்களுக்கென்றே செய்தது. சூடோவில் ஹோஸ்ட் பெயர் கொடுக்கும் ஒரு தெரிவு உண்டு, அனுமதிகளைப் பட்டியலிட்டுப் பார்க்க மட்டும் என்று வைத்தது. கமாண்ட் ஓட்டும்போதும் அது செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. அதாவது சோதனைச் சேர்வரில் அனுமதி உள்ளவர், அந்தச் சேர்வரின் பெயரைச் சொல்லி முக்கியச் சேர்வரில் காரியம் பார்க்கலாம். ஒவ்வொரு மெஷினிலும் தன் விதி மட்டும் இருந்தால் இதனால் பயனில்லை, எல்லா ஹோஸ்டின் விதியும் ஒரே இடத்தில் இருப்பவர்களுக்குத்தான் அடி. 12 வருடம் யாரும் கவனிக்கவில்லை. 1.9.17பி1 பதிப்பில் சரிசெய்தார்கள்.

எந்த மென்பொருள் என்றால், லினக்ஸ் மட்டும் என்பதால் ஃப்ரீஐபிஏ போடுங்கள். கெர்பரோஸ் (உள்நுழைவுச் சரிபார்ப்பு), சான்றிதழ், சூடோ விதி எல்லாம் ஒன்றாக வரும், ஓப்பன்எல்டாப்பை வெறும் கையால் கட்டுவதைவிட ஆறு பேருக்கு இது தாங்கும். யார் எந்த மெஷினுக்குள் வரலாம் என்பதில் 'எல்லோரும் எங்கும்' என்ற விதியோடுதான் அது நிறுவப்படும், உங்கள் சொந்த விதிகளை எழுதிச் சோதித்தபின் அதை அணையுங்கள். விண்டோஸ் ஆக்டிவ் டைரக்டரி ஏற்கெனவே இருந்தால் அதன் ஸ்கீமாவிலும் சூடோ விதிகளை ஏற்றலாம். இரண்டு டைரக்டரி வைத்துச் சண்டை பிடிப்பதைவிட அது மேல்.

கடைசியாக, ஒவ்வொரு மெஷினிலும் டைரக்டரியைச் சாராத ஒரு உள்ளூர் கணக்கு இருக்க வேண்டும். அதன் கடவுச்சொல்லை அச்சிட்டு, கவரில் போட்டு ஒட்டி, கணக்காளர் அறைப் பெட்டகத்தில் வைத்தோம். அந்தக் கவரை ஒருநாள் சோதனைக்காகத் திறந்தோம். கடவுச்சொல் வேலை செய்யவில்லை. யாரோ அதை மாற்றிவிட்டுப் புதியதை எழுதி வைக்க மறந்திருக்கிறார். யார் என்று தேடிப் பார்த்ததில், நான்தான். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கவரைத் திறந்து, லொகின் பண்ணிப் பார்த்து, மாற்றி, திரும்ப ஒட்டுகிறோம். அந்த வேலையை என்னிடம் தருவதில்லை.