நூலகர் கேள்வி – பதில்

கேள்வி: கும்பகோணம் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நூலகர் நான். பி.எஸ்சி. கணிதம் கால்குலஸ் தாளுக்குக் இணையத்தில் காசில்லாமல் பாடநூல் தரும் ஓப்பன்ஸ்டாக்ஸின் கால்குலஸ் நூலைச் சொன்னால், ‘நம்ம சிலபஸுக்கு ஒத்துவராது சார்’ என்று துறையில் தட்டிக் கழிக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. அமெரிக்க மாணவருக்கு எழுதிய நூல், வரிசை வேறு. லிங்க் மட்டும் அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள். ஐந்து யூனிட்டுக்கும் எதிரே பாகம், அத்தியாயம் குறித்து ஒரு பக்க அட்டவணை போடுங்கள். வளைவு ஆரம் நடத்துகிறவருக்கு மூன்றாம் பாகம் பகுதி 3.3, இரட்டைத் தொகையீட்டுக்கு அதே பாகத்தின் 5ஆம் அத்தியாயம். வளைவரைத் தலைப்புகளான என்வலப், எவல்யூட் இந்த நூலில் தனிப் பகுதியாக இல்லை. அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்றே எழுதுங்கள். மறைத்தால் முதல் வாரமே மாட்டிக்கொள்வீர்கள். அங்கே ஆசிரியரின் சொந்தக் குறிப்பைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்த வழுக்கல் உரிமத்தில். இந்த நூலுக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-என்சி-எஸ்ஏ உரிமம்: மூலத்தைக் குறிப்பிட்டு மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், லாபத்துக்கு விற்கக் கூடாது, புதியதையும் இதே உரிமத்தில்தான் விட வேண்டும். விக்கிப்பீடியாவுக்கு பிஒய்-எஸ்ஏ: அதில் விற்கத் தடையில்லை, ஆனால் புதியதை அதே உரிமத்தில்தான் விட வேண்டும். இரண்டிலிருந்தும் பத்தி எடுத்து ஒரே பாடக்குறிப்பாகக் குழைத்தால் இரு உரிமமும் மோதும். தனித்தனிக் குறிப்பாகக் கொடுங்கள். நூற்பெயர், ஆசிரியர், இணைய முகவரி, உரிமம், செய்த மாற்றம் ஐந்தும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

முழுப் பாகத்தையும் ஜெராக்ஸ் போட்டால் தலையணை. அத்தியாயம் அத்தியாயமாகப் பைண்டு செய்து இரண்டு படி ரெஃபரன்ஸ் அலமாரியில் வையுங்கள். பாடத்திட்டத்தைத் தானே வகுக்கும் தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழு கூடுவதற்கு முன்பே அட்டவணையைத் துறைத்தலைவரிடம் சேர்த்துவிடுங்கள். கூட்டத்தன்று நீட்டும் காகிதம் ஃபைலோடு போய்விடும்.

கேள்வி: உ.வே.சா.வின் 1937 குறுந்தொகைப் பதிப்பை ஸ்கேன் செய்து மாணவர்களுக்குக் கொடுக்கலாமா? – தமிழ்த்துறை ஆசிரியர், திருவையாறு

பதில்: தாராளமாக. உத்தமதானபுரத்துக்காரரான உ.வே.சா. மறைந்தது 1942இல். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு கணக்கு. 2003 ஜனவரி 1 முதல் தடையில்லை. ஆனால் பிற்கால மறுபதிப்பில் இன்னொருவர் சேர்த்த முன்னுரை, குறிப்புகளுக்குத் தனி உரிமை உண்டு. அந்தப் பக்கங்களை விட்டுவிடுங்கள். ஸ்கேன் தெளிவு 300 டிபிஐ போதும். ஸ்கேன் வெறும் படம்தான், சொல் தேட முடியாது. படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் ஓசிஆர் மென்பொருளை ஓட்டி யூனிகோடில் எடுத்த பிறகு ஒற்றெழுத்துகளை ஒருவர் உட்கார்ந்து சரிபார்த்தே ஆக வேண்டும். புள்ளி விடுபட்டால் பாட்டே மாறிவிடும்.