படுக்கும் முன் கபாலபாதியா? அதுதான் சிக்கல்
பகல் முழுக்கச் சோர்வு, இரவு 10 மணிக்குக் கபாலபாதி (வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் பயிற்சி) செய்துவிட்டுப் படுத்தால் நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை என்கிறீர்கள். பயிற்சியில் தப்பில்லை, நேரம்தான் தப்பு. கபாலபாதி உடலைத் தட்டி எழுப்பும். காலையில், வெறும் வயிற்றில் செய்யுங்கள். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், கர்ப்பம் இருந்தால் வேண்டவே வேண்டாம்.

மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் ஏறும், விடும்போது இறங்கும். அதனால் இரவில் விடும் மூச்சை நீட்டினாலே போதும். மூக்கு வழியாக 4 நொடி இழுத்து, 6 நொடி விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு. பத்து நிமிடம் செய்யலாம். நடுவில் அடக்க வேண்டாம். திணறினால் 3, 5 என்று குறைத்துக்கொள்ளுங்கள். (எண்ணிக்கையில் ஜெயிக்கப் பார்ப்பது என் பழைய வியாதி. அதுவே என் தூக்கத்தைக் கெடுத்தது.)

தியானத்தில் மனம் அலைகிறதா? அலையட்டும். இப்போதைக்கு உட்காரவே வேண்டாம். சவாசனத்தில், அதாவது கை கால்களைத் தளர்த்தி மல்லாந்து படுத்து, கால்விரலில் தொடங்கி ஒவ்வொரு உறுப்பாகக் கவனித்து மேலே வாருங்கள். முழங்காலைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டால் இன்னும் நல்லது.

மூன்று வாரம் கழித்தும் பகல் சோர்வு விடவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டி ரத்தசோகை, தைராய்டு இரண்டுக்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அவற்றை மூச்சுப் பயிற்சி சரிசெய்யாது.