நடுவில் நிற்கும் வேலையைச் சொல்லுங்கள்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 46 வயது. முத்தையன்கட்டுக் குளத்தின் வலதுகரையில் இருக்கிறோம். இரண்டு ஏக்கர் வயல், கொஞ்சம் கச்சான் (நிலக்கடலை), நான்கு மாடு. என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த இரண்டு சிநேகிதிகளில் ஒருத்தி கனடாவில் இருக்கிறாள், மற்றவள் நோர்வேயில். ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் வட்ஸ்அப்பில் கதைப்போம். "என்ன புதினம்?" என்று கேட்பார்கள். விதைத்தோம், களை பிடுங்கினோம், கிடுகு பின்னினோம் என்பதைத் தவிர என்னிடம் என்ன புதினம் இருக்கிறது? சொல்லும்போது எனக்கே அலுப்பாக இருக்கிறது. கனடாக்காரி, "நீ கொடுத்து வைத்தவள், இங்கே பனி அள்ளியே எங்கள் இடுப்பு முறிகிறது" என்பாள். பன்றி கிளறிப் போட்ட கச்சான் பாத்தியைப் பார்த்துவிட்டு வந்த அன்றும் அதையே சொன்னாள். பிறகு, "கூலிக்கு ஆள் பிடி" என்று சொல்லிக் காசு அனுப்பிவிட்டாள். அவளுடைய தாய் ஒட்டுசுட்டானில் தனியாக இருக்கிறார். கிழமைக்கு ஒருமுறை நான்தான் போய்ப் பார்க்கிறேன். நான் என்ன அவளுக்குக் கூலிக்காரியா? மூன்று வாரமாக அழைப்பை எடுக்கவில்லை. நான் செய்தது சரியா?
ஒரு வாசகி, முத்தையன்கட்டு

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தை முதல் தடவை வாசித்தபோது கனடாக்காரி மீது எனக்கும் எரிச்சல் வந்தது. இரண்டாம் தடவை வாசித்தபோது உங்கள் மீதும் கொஞ்சம் வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், அழைப்பை எடுக்காமல் விட்டது சரியில்லை. எடுத்து நன்றாக ஏசியிருக்கலாம். ஒரே வாங்கில் இருந்து படித்தவளை ஏசாமல் வேறு யாரை ஏசுவது?

முதலில் அந்த அலுப்பைப் பார்ப்போம். "விதைத்தோம், பிடுங்கினோம், பின்னினோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றுமே முடிந்துபோன வேலைகள். முடிந்த வேலையைச் சொன்னால் கேட்பவள் "அப்படியா" என்பாள், அதற்கு மேல் அவளுக்கும் ஒன்றும் வராது. நம்முடைய வேலைகளில் புதினம் இருப்பதெல்லாம் அவை முடிவதற்கு முன்னால்தான். இப்போது நடக்கும் புழுதி விதைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மண்ணை உழுது, நெல்லை எறிந்து, திரும்பவும் உழுது மூடிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அரைகுறையாக ஒரு தூறல் விழுந்து நின்றால் முளை வெளியே வந்து கருகிவிடும். மழையே இல்லாவிட்டால் மயிலும் புறாவும் கிளறித் தின்னும். ஒரேயடியாகக் கொட்டினால் பள்ளக் காணியில் விதை அழுகும். இந்த மூன்று பயத்தையும் வைத்துக்கொண்டு ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் "விதைத்துவிட்டோம்" என்று ஒரு சொல்லில் முடித்தால் மற்றவர்களுக்கு அது அலுக்காமல் என்ன செய்யும்? "கிழக்கே கறுத்துக் கறுத்துக் கலைகிறது, இன்னும் விழவில்லை" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் வையுங்கள். திங்கட்கிழமை நோர்வேயிலிருந்து "மழை வந்ததா?" என்று செய்தி வரும்.

இது எனக்கு ஜேர்மனியில் இருக்கும் என் சிநேகிதியால் தெரியவந்தது. எங்கள் வீடு கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்துக்குக் கீழே. 2018 டிசம்பரில் மழை விடாமல் பெய்தபோது குளம் எத்தனை அடி நிற்கிறது என்று அவளுக்குத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு கதை ஒன்றும் இல்லாமல்தான் சொன்னேன். 36 அடி கொள்ளும் குளம் அது. வான்கதவுகளைத் திறந்து, கீழே தாழ்ந்த இடமெல்லாம் வெள்ளத்தில் நின்ற இரவு, சாக்குகளை மேசைக்கு மேல் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. "இப்போது எத்தனை அடி?" என்றாள். இருபது வருடம் அந்த நாட்டில் ரயிலில் வேலைக்குப் போய் வந்தவள், அடிக்கணக்கை மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். இப்போதும் மார்கழி பிறந்தால் சுகமா என்று கேட்பதற்கு முன்னால் குளத்தைத்தான் கேட்பாள். எனக்கு முழங்கால் வலி வந்து ஒரு வருடமாகிறது. அதைப் பற்றி இன்னும் ஒருமுறைகூட விசாரிக்கவில்லை!

அடுத்தது "கொடுத்து வைத்தவள்" என்ற பேச்சு. அவள் உங்களைக் கேலி செய்யவில்லை. ஊரை விட்டுப் போன அன்றைய வன்னிதான் இன்னும் அவள் தலைக்குள் இருக்கிறது. அதில் களம் இருக்கிறது, சூடு மிதிக்கிற மாடு இருக்கிறது, இரவிரவாகப் "பொலி பொலி" என்ற சத்தம் இருக்கிறது. அறுவடை இயந்திரம் வந்து நின்று, ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் ஒரு வரவை முடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடுவதை அவளுக்கு யார் சொன்னது? சிறுபோகக் கூட்டத்தில் குளத்துத் தண்ணீரைப் பார்த்துவிட்டு "இந்தமுறை இவ்வளவு ஏக்கர்தான்" என்று தீர்மானித்தால், இரண்டு ஏக்கர்காரி அரை ஏக்கரை விதைத்துவிட்டு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும் என்பதை நீங்கள் எப்போதாவது சொன்னீர்களா? கட்டாக்காலி மாடுகளை மறிப்பதற்கு இராத்தூக்கம் கெட்டது, யானைவெடி கொளுத்தப் போன இடத்தில் நனைந்த தீப்பெட்டியோடு நின்றது, தென்னையில் குரும்பையைக்கூட விடாத குரங்கு, இவற்றையெல்லாம் உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அவர்களிடம் "நல்லாய் இருக்கிறோம்" என்று சொல்லியிருப்பீர்கள். நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கவலை கொடுக்கக்கூடாதாம். பிறகு கவலை இல்லாதவள் என்று அவர்கள் நினைத்தால் கோபம் வருகிறது.

பன்றிக் கதையை முழுதாகச் சொல்லுங்கள். பிஞ்சும் முற்றலுமாக வேரோடு புரட்டிப் போட்டு, பாதியைச் சப்பித் துப்பிவிட்டுப் போன பாத்தியில் குந்தியிருந்து, இன்னும் செடியில் ஒட்டிக்கொண்டிருந்த காய்களை நீங்கள் ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருப்பீர்கள் அல்லவா? அதைச் சொல்லுங்கள்.

இனி உங்கள் பக்கத்துப் பிழை. பனி அள்ளுவது என்ன வேலை என்று நீங்கள் அவளைக் கேட்டதே இல்லை என்று நினைக்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் என் உறவினர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விடிவதற்கு முன்னால் எழுந்து, வாசலிலிருந்து வீதிவரை சவளால் அள்ளி ஒதுக்கி, வழுக்காமல் உப்புப் போட்டுவிட்டு, வேலைக்குப் போவதற்கு உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தால், அதற்குள் வீதியைத் துப்பரவாக்கும் வண்டி வந்து வீதிப் பனியையெல்லாம் அவர் வீட்டு வாசலுக்குக் குறுக்கே வரம்பு கட்டியதுபோல ஒதுக்கிவிட்டுப் போயிருக்கும். அது லேசான பனி இல்லை, இறுகிய கட்டி. திரும்பவும் அள்ளவேண்டும், இல்லாவிட்டால் கார் வெளியே வராது. நாங்கள் வாய்க்காலைத் துப்பரவாக்கிவிட்டு வீட்டுக்குப் போனதும் மேற்காணிக்காரர் தன் குப்பையை அதே வாய்க்காலில் தள்ளிவிடுவாரே, அந்தக் கோபம்தான் அவருக்கும் வருமாம். இதைக் கேட்ட நாளிலிருந்து அவருக்கு நான் "கொடுத்து வைத்தவர்" என்று சொல்வதில்லை. அவரும் எனக்குச் சொல்வதில்லை.

நோர்வேக்காரியைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அவள் குறை சொல்லாதவள் போலிருக்கிறது, அதனால் கடிதத்தில் இடம் கிடைக்கவில்லை. நாங்கள் புரட்டாதியில் மழைக்கு முன்னால் விறகை இழுத்துவந்து கொட்டிலுக்குள் அடுக்குகிறோம். அங்கே மாரி முடிகிற நேரத்தில் பேர்ச் மரத்தை அறுத்துப் பிளந்து, கோடை முழுவதும் காற்றில் காயும்படி அடுக்கி வைத்து, அடுத்த மாரிக்கு எரிக்கிறார்கள். அவள் வீட்டில் விறகடுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். ஆகஸ்டில் காட்டுக்குள் போய் நீலநிறச் சிறுபழம் பொறுக்குவது அங்கே எல்லோருக்கும் வழக்கம். காடு யாருடையதாக இருந்தாலும் பழம் பொறுக்கத் தடையில்லை. நாக்கு நீலமாகிவிடும். நீங்கள் மூவரும் பாலைப்பழம் தின்று, பால் ஒட்டி உதடு பிரிக்க முடியாமல் வகுப்பில் இருந்திருப்பீர்கள். அது நடக்காத வன்னிப் பள்ளிக்கூடம் இல்லை. அவள் அந்தக் காட்டில் குனியும்போது எதை நினைக்கிறாள் என்று அறிய எனக்கே ஆசையாக இருக்கிறது.

காசு விஷயத்துக்கு வருகிறேன். திருப்பி அனுப்ப வேண்டாம், அது கதவைச் சாத்துவது. கூலி என்ற சொல் பிழையான சொல். ஆனால் அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? நீங்கள் கிழமைக்கு ஒருமுறை அவளுடைய தாயைப் போய்ப் பார்க்கிறீர்கள். அதற்கு என்ன கைம்மாறு செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாதவர்கள் காசுதான் அனுப்புவார்கள். என் கணிப்பு பிழையாகவும் இருக்கலாம், ஆனால் ஒட்டுசுட்டான் என்ற ஊர்ப்பெயர் உங்கள் கடிதத்தில் காசுக்கு அடுத்த வரியிலேயே வருவதைப் பார்த்துத்தான் சொல்கிறேன். நீங்களும் உள்ளூர அதை அறிந்துதான் எழுதியிருக்கிறீர்கள்.

ஆகவே கூலிக்கு ஆள் பிடிக்காதீர்கள். அந்தக் காசில் கச்சான் காணியின் காட்டுப்பக்கத்துக்கு முட்கம்பி வாங்குங்கள். அலம்பல் வேலியைப் பன்றி எத்தனை தரம் பிரித்தது என்று உங்களுக்குத் தெரியும். கம்பி எத்தனை நிரை, கட்டைக்கு என்ன மரம் வெட்டினீர்கள், எந்த மூலையில் இன்னும் இழுக்கவில்லை என்று அவளுக்குக் கணக்குச் சொல்லுங்கள். அரிவி வெட்டு முடிந்ததும் தைப்பூசத்துக்குப் புதிர் (புது நெல்) எடுக்கும்போது அவள் பெயரில் ஒரு மூட்டையை ஒதுக்கி ஒட்டுசுட்டானுக்குக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் கொடுங்கள். "உங்கள் மகளின் வயல் நெல்" என்று சொல்லியே கொடுங்கள். அம்மா அதைத் தொலைபேசியில் எப்படிச் சொல்கிறார் என்று அவள் கேட்கட்டும்.

ஒரு சின்ன விஷயம். வயலுக்குள் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு திரிந்து வீடியோ காட்டச் சொல்லி அவர்கள் கேட்டால் ஒன்றிரண்டு தரம் காட்டுங்கள், போதும். மற்ற நாட்களில் கையில் வேலை இருக்கும் நேரத்தைப் பார்த்துப் பேசுங்கள். ஊறவைத்த மட்டையை எடுத்துக் கிடுகு பின்னும்போது இரண்டு கையும் ஓடிக்கொண்டிருக்கும், வாய் சும்மா இருக்கும். ஓலை மடங்கும் சரசரப்பு அவர்களுக்குக் கேட்கும். அந்த ஊறல் நாற்றம் மட்டும் அங்கே போய்ச் சேராது, அது அவர்களுடைய அதிர்ஷ்டம். நீங்கள் மாலை ஏழு மணிக்கு விறாந்தையில் இருந்தால் கனடாவில் அவள் காலைச் சாப்பாட்டு வேலையில் நிற்பாள், நோர்வேயில் மற்றவள் மத்தியானக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருப்பாள். மூன்று பேர் கையிலும் வேலை இருக்கும்போது "என்ன புதினம்" என்ற கேள்வி எழாது. "என்ன செய்துகொண்டிருக்கிறாய்" என்றுதான் கேட்பார்கள்.

இந்த ஞாயிறு நீங்களே அழையுங்கள். கனடாக்காரியிடம் முதலில் ஏச்சு, பிறகு கம்பிக் கணக்கு. நோர்வேக்காரியிடம் காருக்குப் பனியில் வழுக்காத ஆணி டயர் மாற்றிவிட்டாளா என்று கேளுங்கள். தென் நோர்வேயில் வழமையாக நவம்பர் 1ஆம் திகதியிலிருந்துதான் அதைப் போட அனுமதி, அதற்கு முன்னால் ஒரு பனி விழுந்துவிட்டால் எல்லோரும் டயர்க் கடையில்தான் நிற்பார்களாம். பிறகு பன்றிக் கதையைச் சொல்லுங்கள். காட்டுப்பக்கத்து மூலையில் கம்பி இழுத்து முடித்தீர்களா என்பதை மட்டும் அடுத்த ஞாயிற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.